டிஸ்சார்ஜ் ஆன பிறகு: இதய நோயாளியின் வீடு தேடி வரும் செவிலியர்

இதய நோய்க்கான சிகிச்சையில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியேதான் நடக்கிறது. அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைக்க ஒரு மணி நேரம் போதும். பைபாஸ் அறுவை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். வால்வையே மாற்றினாலும் சிக்கல் இல்லாவிட்டால் பத்துப் பன்னிரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு வரும் ஆண்டுகள் முழுக்க மாத்திரை, உப்பு, நடை, தூக்கம், பயம், பணம் என்று எல்லாவற்றையும் நோயாளியும் குடும்பமும்தான் சமாளிக்க வேண்டும். அந்த நீண்ட காலத்தில் அவர்களுக்குத் துணையாக நிற்கவே புறநோயாளி இதயச் செவிலியம் என்ற தனிப் பணி உருவானது. வார்டில் செவிலியர் கவனிப்பது படுக்கையில் இருக்கும் நோயாளியை. இந்தப் பணியில் இருப்பவர் கவனிப்பது அந்த நோயாளி வாழும் வாழ்க்கையை.

இப்பணி மிகுதியாகத் தேவைப்படுவது இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு. இதில் இதயம் நின்றுவிடுவதில்லை. ரத்தத்தைத் தள்ளும் வலுவை இழந்து தளர்ந்து இயங்குகிறது. நல்ல இதயத்தின் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதத்தை வெளியே அனுப்பும். எக்கோ பரிசோதனையில் இந்த அளவு 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் விசை நன்றாகக் குறைந்துவிட்டது என்று பொருள். விசை சரியாக இருந்தும் இதயத் தசை இறுகிப்போவதால் வரும் செயலிழப்பும் உண்டு. முதியவர்களிடமும் ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களிடமும் அது அதிகம். தன்னிடம் ரத்தம் குறைவாக வருவதை உணரும் சிறுநீரகம், உடம்பில் நீர் வற்றிவிட்டதாக எடுத்துக்கொண்டு உப்பையும் நீரையும் வெளியேற்றாமல் பிடித்துவைக்கிறது. அந்த நீர் கணுக்காலில் இறங்குகிறது, வயிற்றில் சேர்கிறது, நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கிறது. ஆம்புலன்ஸைக் கூப்பிடும் நிலை வருவதற்குப் பல நாட்கள் முன்பே இந்தத் தேக்கம் தொடங்கிவிடுவது வழக்கம். செவிலியரின் வேலை அந்த நாட்களில்தான் இருக்கிறது.

நம் பகுதியில் இந்த நோய் எப்படி இருக்கிறது என்பதற்கு அருகிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. 2013-ல் திருவனந்தபுரம் மாவட்டத்தின் 18 மருத்துவமனைகளில் இதயச் செயலிழப்போடு சேர்க்கப்பட்ட 1,205 பேரை ஒரு பதிவேட்டில் சேர்த்து, ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களின் சராசரி வயது 61. மேலை நாடுகளில் இந்த நோயாளிகள் இதைவிடப் பத்து வயதாவது மூத்தவர்களாக இருப்பார்கள். பெரும்பாலானோருக்கு நோயின் வேர் இதய ரத்தக்குழாய் அடைப்பு. ஓராண்டுக்குள் ஏறத்தாழ பத்தில் மூன்று பேர் இறந்தார்கள். ஐந்தாண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோர். உயிரைக் காக்கும் என்று உறுதியான மருந்துகளை முழுமையாகப் பெற்றவர்களோ சிறு பங்கினர்தான். பல புற்றுநோய்களைவிட மோசமான கணக்கு இது. ஆனாலும் புற்றுநோய் என்ற சொல்லுக்கு ஒரு குடும்பம் எழுந்து நிற்பதுபோல, ‘இதயம் கொஞ்சம் வீக்கா இருக்கு’ என்ற சொல்லுக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை.

நோயாளியின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பும் வழக்கம் பழையது. லிவர்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், நோயுற்ற தம் மனைவியை வீட்டில் பராமரித்த மேரி ராபின்சன் என்ற செவிலியரையே, மனைவியின் மறைவுக்குப் பின் 1859-ல், அந்நகரின் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணிபுரிய ஊதியம் கொடுத்து அமர்த்தினார். மாவட்டச் செவிலியம் அங்கிருந்து வளர்ந்தது. இதய நோய்க்கு மட்டும் இந்த முறையைத் தனியாக வகுத்து, அது பலன் தருகிறதா என்று அளந்து பார்க்க மேலும் நூறாண்டுக்கு மேல் ஆனது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மருத்துவர் மைக்கேல் ரிச்சின் குழு, இதயச் செயலிழப்பு உள்ள 70 வயதைக் கடந்த 282 பேரிடம் நடத்திய ஆய்வு 1995-ல் வெளிவந்தது. ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதியினருக்கு, செவிலியர் ஒருவர் முன்னின்று நோயைப் பற்றி நோயாளிக்கும் குடும்பத்துக்கும் சொல்லிக்கொடுத்தார், உணவு முறையும் மருந்துச் சீட்டும் சீராக்கப்பட்டன, வீடு திரும்பிய பின்னும் நேரிலும் தொலைபேசியிலும் விசாரிப்பு தொடர்ந்தது. தொண்ணூறு நாட்களில் இதயச் செயலிழப்புக்காக மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்த தடவைகள் வழக்கமான சிகிச்சைக் குழுவில் 54. செவிலியர் கவனித்த குழுவில் 24. புது மருந்து எதுவும் இதில் இல்லை.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு இன்னும் நேரடியானது. இதயச் செயலிழப்பில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் வீட்டுக்கே போனார்கள். தொடக்கத்தில் அடிக்கடி, பிறகு இடைவெளி விட்டு, நடுநடுவே தொலைபேசியில். மொத்தம் 165 நோயாளிகள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 53 சதவீதத்தினர் இறந்தார்கள் அல்லது இதயச் செயலிழப்புக்காக மீண்டும் சேர்க்கப்பட்டார்கள். செவிலியர் சென்ற வீடுகளில் அது 37 சதவீதம். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில், டிஸ்சார்ஜ் ஆன ஓரிரு வாரங்களுக்குள் இதயச் செவிலியர் ஒருமுறை வீட்டுக்குப் போய் வந்ததே அடுத்த ஆறு மாதங்களில் மறுசேர்க்கையைக் கணிசமாகக் குறைத்தது. முதல் இரண்டு வாரம் முக்கியம் என்பதை இந்த ஆய்வுகளின் அமைப்பே காட்டுகிறது. வார்டில் வேளாவேளைக்குக் கையில் வந்த மாத்திரையை வீட்டில் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருப்பதும், பத்தியச் சாப்பாடு போய் வீட்டுச் சாப்பாடு திரும்புவதும் அந்த நாட்களில்தான்.

செவிலியர் வீட்டுக்குள் நுழைந்ததும் ரத்த அழுத்தக் கருவியை எடுத்துவிடுவதில்லை. நோயாளி வாசல்வரை நடந்து வந்தாரா, பேசும்போது நடுவில் மூச்சு வாங்குகிறாரா, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்லி முடிக்கிறாரா என்று முதலில் பார்க்கிறார். ராத்திரி எப்படித் தூங்கினார் என்று கேட்கிறார். ஒரு தலையணை வைத்துப் படுத்தவர் இப்போது மூன்று வைக்கிறார் என்றாலோ, பாயில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே விடியவைக்கிறார் என்றாலோ, நுரையீரலில் நீர் சேர்ந்திருக்கிறது என்று ஐயப்பட வேண்டும். அப்புறம் கால். கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டை விரலால் சில நொடிகள் அழுத்திப் பிடித்து விடுவார். விரல் பதிந்த குழி உடனே நிரம்பாமல் அப்படியே நின்றால் அது நீர் வீக்கம். பெண்களிடம் கொலுசு பதிந்த தடத்தையும், மெட்டி இறுகியிருக்கிறதா என்பதையும் பார்ப்பார். போன வாரம் போட்ட செருப்புக்குள் கால் நுழைகிறதா, பாவாடை நாடாவோ வேட்டியோ கட்டும் இடம் இறுகுகிறதா என்றும் கேட்பார். எந்தக் கருவியும் இல்லாத வீட்டிலும் இந்தக் கேள்விகளுக்கு விடை உண்டு.

எடை பார்க்கும் மெஷின் வாங்க முடிந்த வீட்டில் அதுவே சிறந்த காவல். காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, சாப்பிடும் முன்பு, ஒரே மாதிரியான உடையில் நின்று எடை பார்த்து, சுவரில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரிலேயே எழுதிவைக்கச் சொல்வார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பாட்டால் ஏறிய எடையல்ல, தேங்கிய நீர். மூச்சு முட்டும்வரை காத்திருக்காமல் அன்றே சொல்லிவிட வேண்டும். இப்படி எடை ஏறும்போது நீர் பிரியும் மாத்திரையை எவ்வளவு கூட்டலாம் என்பதைச் சில நோயாளிகளுக்கு மருத்துவர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருப்பார். அந்தத் தாள் எங்கே இருக்கிறது, வீட்டில் யாருக்கு அதைப் படிக்கத் தெரியும் என்று விசாரிப்பதும் செவிலியரின் வேலைதான். வாந்தி, பேதி, கடும் வெயில் வந்தால் கணக்கு தலைகீழாகும். உடம்பில் நீர் வற்றும் அந்த நேரத்தில் பழைய அளவிலேயே மாத்திரை போட்டால் மயக்கம் வரும், சிறுநீரகம் கெடும். அதையும் உடனே சொல்லச் சொல்ல வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் பரிவு என்பது என்ன என்று இந்த நீர் மாத்திரையே காட்டும். மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் வரும். பேருந்தில் போக வேண்டிய நாளில் அதைப் போடாமல் விட்டுவிடுபவர்கள் ஏராளம். வழியில் ஒதுங்க இடம் கிடைக்காத பெண்கள் இன்னும் அதிகம். துக்கத்துக்கும் கல்யாணத்துக்கும் போகாமல் இருக்க முடியாது. ‘ஏன் மாத்திரை போடல?’ என்று அதட்டினால் அடுத்த முறை ‘போட்டேன் சிஸ்டர்’ என்றுதான் பதில் வரும், உண்மை மறைந்துவிடும். ‘வெளியூர் போற அன்னிக்கு இந்த மாத்திரைய என்னம்மா பண்றீங்க?’ என்று கேட்டால் நடந்தது தெரியும். பலருக்கு அந்த ஒரு நாள் நேரத்தை மாற்றி, வீடு திரும்பிய பின் மாலையில் போட்டுக்கொள்ளலாம் என்ற எளிய தீர்வை மருத்துவரிடம் பேசி வாங்கித் தரலாம். அன்பாகப் பேசுவது என்று பொதுவாகச் சொல்லப்படுவதன் மருத்துவ மதிப்பு இதுதான். உண்மையைச் சொல்ல நோயாளிக்கு இடம் கிடைக்கிறது, அந்த உண்மையின் மீது சிகிச்சை நிற்கிறது.

மாத்திரைப் பையைத் தரையில் கொட்டிப் பார்ப்பது இந்தப் பணியில் தவறாமல் நடக்கும். பெரிய மருத்துவமனை எழுதியதும், உள்ளூர் டாக்டர் எழுதியதும் பெயர் வேறு, மருந்து ஒன்று என்று இரட்டிப்பாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஒன்று தீர்ந்துபோய் வாங்காமல் விட்டிருப்பார்கள். மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரை இருக்கும். டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள் உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கி, நன்றாக இருந்த இதய நோயாளியைச் சில நாளில் மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடும். ஸ்டென்ட் வைத்தவர்களிடம் வேறொரு ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் இரண்டு மாத்திரைகளை, பல் பிடுங்கப் போகிறோம் என்றோ, நெஞ்சு வலிதான் போய்விட்டதே என்றோ இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடுவார்கள். ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது மறுபடியும் மாரடைப்பு, முதலாவதைவிடக் கொடியதாகவும் இருக்கலாம். மாத்திரைக்குக் காசில்லை என்பதை நோயாளி தாமாகச் சொல்வது அரிது. பட்டையில் மீதமிருக்கும் மாத்திரைகளை எண்ணிப் பார்க்கும்போது, ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறார் என்பது புரியும். அந்த இடத்தில் செவிலியர் செய்ய வேண்டியது அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டுவதும், மருத்துவரிடம் சொல்லி விலை குறைந்த மாற்றை எழுதி வாங்குவதும்.

செயற்கை வால்வு பொருத்தியவர்களின் வீடு இன்னும் கவனம் கேட்கும். மூட்டுவாதக் காய்ச்சலால் சிறு வயதிலேயே வால்வு கெட்டவர்கள் இந்தியாவில் நிறையப் பேர். திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கிய உள்நாட்டு வால்வு 1990 முதல் இங்கே பொருத்தப்படுகிறது. உலோக வால்வு உள்ளவர் ரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையை வாழ்நாள் முழுதும் போட வேண்டும். ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையால் அதன் அளவைச் சரிபார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். குறைந்தால் வால்வில் ரத்தம் உறையும், கூடினால் மூளையிலோ குடலிலோ கசியும். கீரையே கூடாது என்று பயந்து ஒதுக்குபவர்கள் உண்டு. கீரையிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வீச்சைக் குறைக்கும் என்பது உண்மை, ஆனால் வேண்டியது வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுவதுதான். இளம்பெண்களிடம் சொல்ல வேண்டிய வேறொன்று இருக்கிறது. மாதவிடாய் தள்ளிப்போனால் காத்திருக்காமல் உடனே தெரிவிக்க வேண்டும், ஏனெனில் இந்த மாத்திரைகளில் சில கருவைப் பாதிக்கும். கல்யாணத்துக்கு முன்பே தாயையும் மகளையும் உட்காரவைத்து இதைப் பேச வேண்டும். அவசரமாக ஓபியில் சொல்லிவிடக் கூடிய விஷயமல்ல இது.

அடுப்படிக்குப் போகாமல் இந்தப் பணி முடியாது. ‘உப்பே சேக்கறதில்ல சிஸ்டர்’ என்பார்கள். அது பொய்யில்லை, சாம்பாரில் குறைத்திருப்பார்கள். அலமாரியில் ஊறுகாய் ஜாடி இருக்கும், அப்பளக் கட்டு இருக்கும், மோர் மிளகாயும் வடகமும் டப்பாவில் இருக்கும், கடற்கரை ஊர்களில் கருவாடு இருக்கும். அப்பளத்தில் உப்போடு அப்பளக் காரமும் சேர்வதால் சோடியம் இரண்டு வழியில் வருகிறது. பெரியவர் ஒருவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே உப்பு கொள்ள வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. மொத்தமாக ‘நிறுத்துங்க’ என்பதைவிட, வீட்டிலுள்ள ஸ்பூனால் ஒரு நாளைய உப்பை அளந்து கிண்ணத்தில் வைத்து, அதிலிருந்து மட்டும் எடுக்கச் சொல்வது நடைமுறைக்கு ஒத்துவரும். எலுமிச்சை, மிளகு, சீரகம், பூண்டு, மல்லித்தழை கொண்டு ருசியை ஈடுகட்டலாம். சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். இந்துப்பு நல்லது என்று மாற்றிக்கொள்பவர்களுக்கு, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான் என்று சொல்ல வேண்டும். கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். இதயச் செயலிழப்புக்குத் தரும் சில மருந்துகள் ஏற்கெனவே பொட்டாசியத்தை உடம்பில் தக்கவைப்பவை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். இளநீரிலும் பொட்டாசியம் உண்டு என்பதால் அதைத் தினமும் குடிப்பவர்களிடமும் இதை விசாரிக்க வேண்டும். ஒன்றும் தப்பாகச் செய்யாமல், உடம்புக்கு நல்லது என்று நம்பிச் செய்வதாலேயே ஆபத்தில் விழுபவர்கள் இவர்கள். இவர்களிடம் குற்றம் சொல்லும் தொனி கடுகளவும் இருக்கக் கூடாது.

மனச்சோர்வு இதய நோயோடு கூடவே வருகிறது. மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவு மனச்சோர்வு இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் மாத்திரையை விடுவதும், நடையை விடுவதும், மீண்டும் நோயில் விழுவதும் அதிகம். கடந்த இரண்டு வாரத்தில் மனம் சோர்ந்தே இருக்கிறதா, எதிலும் நாட்டமில்லாமல் போய்விட்டதா என்ற இரண்டு கேள்விகள் அதைத் தொட்டுப் பார்க்கப் போதும். சம்பாதித்துக்கொண்டிருந்த ஆண் திண்ணையில் உட்கார நேர்வது அவருக்கு நெஞ்சு வலியைவிடப் பெரிய வலி. மறுபடியும் எப்போது வேலைக்குப் போகலாம், பைக் ஓட்டலாம், கனம் தூக்கலாம் என்பதெல்லாம் அவர் மனத்தில் ஓடும். மனைவியோடு சேரலாமா என்ற கேள்வியோ வாய்வரை வந்து நின்றுவிடும். இரண்டு மாடிப் படியை நெஞ்சு வலியோ மூச்சிரைப்போ இல்லாமல் ஏற முடிந்தால் பெரும்பாலோருக்குத் தடையில்லை. ஆனால் நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர் வயாகரா வகை மாத்திரைகளைத் தொடவே கூடாது. கேட்காமலே இதைச் சொல்லிவிடும் செவிலியர் ஒரு குடும்பத்தின் பல மாத மௌனத்தைக் கலைக்கிறார்.

வீட்டில் நோயாளி பெண்ணாக இருந்தால் நிலைமை மாறுகிறது. கணவனுக்குப் பத்தியம் சமைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. அவளுக்குப் பத்தியம் என்றால் அவளே தனியாகச் சமைக்க வேண்டும், அதனால் சமைப்பதில்லை. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் மாரடைப்பு எப்போதும் இடது நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் வலியாக வருவதில்லை. மூச்சு வாங்கல், குமட்டல், தாடை வலி, காரணமில்லாத அசதி, வியர்வை என்று வரும். வாயுத் தொல்லை என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியட்டும் என்று படுத்துவிடுவார்கள். எந்த அறிகுறி வந்தால் யோசிக்காமல் 108-ஐ அழைக்க வேண்டும் என்பதை அந்தப் பெண்ணிடம் மட்டுமல்லாமல், போனைக் கையில் வைத்திருக்கும் மகனிடமும் மருமகளிடமும் சொல்லிவைக்க வேண்டும். பராமரிக்கும் அந்த மருமகள் எப்போது தூங்குகிறாள் என்றும் கேட்க வேண்டும். அவள் தளர்ந்தால் இந்த ஏற்பாடு முழுதும் தளர்ந்துவிடும்.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஓரளவு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரைகளைக் கையில் கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவர்களும் நோய்த் தணிப்புச் செவிலியர்களும் தேவைப்படுவோரின் வீட்டுக்குப் போகிறார்கள். இத்திட்டத்துக்கு 2024-ல் ஐக்கிய நாடுகள் அவையின் தொற்றா நோய்களுக்கான பணிக்குழு விருது கிடைத்தது. 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டம், மாரடைப்பு அறிகுறியோடு வருபவருக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே முதல் கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வழி செய்தது. ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டில் பிடிப்பதே நாளைய இதய நோயைக் குறைக்கும் வேலை. ஏற்கெனவே இதயம் பழுதானவரைத் தொடர்வது அடுத்த படி. அதற்கு ஆழமான பயிற்சி வேண்டும். அந்தப் பயிற்சியை மருத்துவப் பட்டம் இல்லாதவர்களுக்கும் ஓரளவு தரலாம் என்பதற்கு இந்தியச் சான்றே உண்டு. பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆய்வு நிலையத்தின் டெனிஸ் சேவியர் குழு, 14 மருத்துவமனைகளில் மாரடைப்பு வகை நோயிலிருந்து மீண்ட 806 பேரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற சமுதாயச் சுகாதாரப் பணியாளர்கள் மருத்துவமனையிலும் வீட்டிலுமாகச் சந்தித்துப் பேசி நாட்குறிப்பு எழுதவைத்தார்கள். ஓராண்டு முடிவில் மருந்தைச் சரியாக எடுத்தவர்கள் அக்குழுவில் 97 சதவீதம், மற்றக் குழுவில் 92 சதவீதம்.

தூரத்திலிருக்கும் வீடுகளுக்குத் தொலைபேசி கைகொடுக்கிறது. அர்ஜென்டினாவில் 1,518 இதயச் செயலிழப்பு நோயாளிகளுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஒரு மையத்திலிருந்து தொடர்ந்து போன் செய்து எடை, மூச்சு, மாத்திரை, உணவு பற்றிப் பேசிவந்தார்கள். இதயச் செயலிழப்புக்கான மருத்துவமனைச் சேர்க்கை 29 சதவீதம் குறைந்ததாக 2005-ல் வெளியான முடிவு சொன்னது. ஐந்தாண்டு கழித்து அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 1,653 பேர். அதில் நோயாளி தினமும் ஓர் எண்ணுக்கு அழைத்து, பதிவுசெய்த குரல் கேட்கும் கேள்விகளுக்குப் பொத்தானை அழுத்திப் பதில் தர வேண்டும். பதில்களை மருத்துவக் குழு பார்க்கும். ஆறு மாதத்தில் சேர்க்கையிலும் இறப்பிலும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஏழில் ஒருவர் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைக்கவில்லை. கடைசி வாரத்தில் அதை முறையாகப் பயன்படுத்தியவர்கள் பாதிக்குச் சற்று மேல். இரண்டு ஆய்வுகளின் அமைப்பும் நாடும் வேறு என்பதால் ஒன்றை மற்றதோடு நேராக ஒப்பிட முடியாது. ஆனால் ‘நேத்து சொன்னீங்களே, கால் வீக்கம் வடிஞ்சுதா ஐயா?’ என்று கேட்கும் குரலுக்குப் பதில் சொல்லத் தோன்றுவதுபோல் இயந்திரக் குரலுக்குத் தோன்றுவதில்லை என்பதை யாரும் தம் அனுபவத்திலேயே அறியலாம். கருவிகளே வேண்டாம் என்பதில்லை. ஜெர்மனியில் 1,571 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான ஆய்வில், வீட்டிலிருந்து தினமும் எடை, ரத்த அழுத்தம், இசிஜி போய்ச்சேர, மறுமுனையில் மருத்துவரும் செவிலியரும் இருபத்து நான்கு மணி நேரமும் இருந்து கவனித்தபோது இறப்பு குறைந்தது.

எல்லா மருந்தும் கொடுத்த பின்னும் இதயம் தளர்ந்துகொண்டே போகும் கட்டம் சிலருக்கு வரும். அப்போது செவிலியரின் வேலை குறைவதில்லை. கோழிக்கோட்டில் 1993-ல் தொடங்கிய வலி மற்றும் நோய்த் தணிப்பு இயக்கம் செவிலியர்கள் வீட்டுக்கே போகும் முறையை வளர்த்தது. கேரள அரசு 2008-ல் அதைக் கொள்கையாகவே ஏற்றது. புற்றுநோயாளிகளுக்காகத் தொடங்கிய அந்தக் கவனிப்பு இதய நோயாளிக்கும் அப்படியே பொருந்தும். மூச்சுத் திணறலுக்கு நிமிர்ந்து சாய்ந்த இருக்கை, முகத்தில் படும்படி வைத்த சிறிய மின்விசிறி, மருத்துவர் எழுதிக் கொடுத்தால் சிறு அளவு மார்ஃபின் ஆகியவை சிலருக்கு நிம்மதி தரும். மார்பில் அதிர்ச்சி தரும் கருவி பொருத்தியிருந்தால், இறுதி நாட்களில் அதன் அதிர்ச்சியை நிறுத்திவைப்பது பற்றி நோயாளியோடும் குடும்பத்தோடும் முன்பே பேசியிருக்க வேண்டும். மீண்டும் ஐசியூவுக்குப் போக விருப்பமா, வீட்டிலேயே இருக்க விருப்பமா என்று நோயாளியிடமே கேட்பதற்கு நம் குடும்பங்கள் தயங்குகின்றன. பல மாதம் வீட்டுக்கு வந்து போன செவிலியரால்தான் அந்தக் கேள்வியை மெல்ல எடுக்க முடிகிறது.

இவ்வளவையும் ஒருவர் செய்ய வேண்டுமென்றால் அவர் கையில் சில அதிகாரங்கள் இருக்க வேண்டும். கிளாஸ்கோ செவிலியர்களால் எழுதிவைத்த நெறிமுறையின்படி மருந்தின் அளவை ஏற்றி இறக்க முடிந்தது. இதயச் செயலிழப்பு மருந்துகளைச் சிறு அளவில் தொடங்கி, ரத்த அழுத்தமும் சிறுநீரகமும் தாங்குகிறதா என்று பார்த்து, வாரக்கணக்கில் படிப்படியாக உயர்த்த வேண்டும். ஒவ்வொரு படிக்கும் நோயாளி ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து ஓபியில் வரிசையில் நிற்க வேண்டுமென்றால் அவர் முதல் படியிலேயே நின்றுவிடுவார். இங்கும் செவிலியருக்கு அத்தகைய எழுத்துபூர்வமான நெறிமுறையும், சந்தேகம் வந்தால் போனில் உடனே கிடைக்கும் இதய மருத்துவர் ஒருவரும், ஒரு வீட்டில் முக்கால் மணி நேரம் உட்கார விடும் அளவுக்குக் குறைவான வீடுகளும், போய்வர வண்டிச் செலவும் வேண்டும். கிராமச் சுகாதாரச் செவிலியர்கள் ஏற்கெனவே தாய்சேய் நலம், தடுப்பூசி, பதிவேடுகள் என்று சுமக்கும் பாரத்தின் மேல் இதையும் ஏற்றினால் நடக்காது. மாவட்டத்துக்குச் சிலரையாவது இதற்கென்றே பயிற்சி கொடுத்து அமர்த்துவதே சரி. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் இதயச் செயலிழப்போடு சேர்ந்து டிஸ்சார்ஜ் ஆகும் ஒவ்வொருவரின் பெயரும், வீட்டு முகவரியும், டிஸ்சார்ஜ் அன்று இருந்த எடையும் அதே நாளில் அந்தச் செவிலியரின் கைக்குப் போய்ச்சேர வேண்டும். முதல் வருகை ஏழு நாளுக்குள் இருக்க வேண்டும்.